வாலிபால் என்று சொல்லிவிடு

புணே,
8.6.2025

அன்பு மச்சான் ஜமீருக்கு,

எத்திராஜ் எழுதுவது. முட்டி எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துக் கெடுப்பாய், அதனால்தான் கடிதம். ரிட்டயரான பிறகு நான் சேர்ந்த வேலை உனக்குத் தெரியும். ராணுவ மருத்துவமனைப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் கொட்டி, சிப்பாய்களுக்கு எதனால் அடிபடுகிறது என்று சலித்துப் பார்ப்பது. போன வாரம் நம் பயிற்சி மையத்தின் முறை வந்தது. அங்கே ஆளை முடமாக்குவதில் முதலிடம் வாலிபாலுக்காம்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேலதிகாரி சிரிக்கவில்லை. மாலை ஆட்டத்தையே நிறுத்தச் சொல்லி அறிக்கை எழுதப்போகிறார்.

உன்
எத்திராஜ்

பூந்தமல்லி,
15.6.2025

அன்பு மச்சான் எத்திராஜுக்கு,

இறைவன் கருணையில் எல்லோரும் நலம். ஆட்டத்தை நிறுத்துவதா? அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தானே நாம் மீதி நாளைத் தள்ளினோம். நீ சர்வீஸ் போட்டால் பந்து மெஸ் கூரையில் போய் உட்காரும். நான் வலைப் பக்கமே வந்ததில்லை. என் முட்டி போனது ஏறிக் குதிக்கிற அந்த உயரச் சுவரில். செங்கல் பெயர்ந்து நான் விழுந்ததும், நமக்குப் பயிற்சி கொடுத்த பாண்டியன் உஸ்தாத் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். "வாலிபால்னு சொல்லிடு மச்சான், இல்லாட்டி உஸ்தாத் மேல விசாரணை வந்துடும்" என்று வழியெல்லாம் என் காதில் ஓதியவன் நீ. அந்தச் சுவரில் விழுந்த அத்தனை பேரும் அப்படித்தானே சொன்னோம்?

அடுத்த மாதம் என் மகன் அர்ஷத் அதே மையத்துக்குப் போகிறான். சுவர் இன்னும் நிற்கிறதா?

ஜமீர்

புணே,
24.6.2025

அன்பு மச்சான்,

நிற்கிறது. பதிவுகளில் அந்தச் சுவரால் ஒருத்தனுக்கும் அடி இல்லை, அதனால் பாதுகாப்பானது என்று குறித்துவிட்டார்கள். நான் சொன்னதை நம்பவில்லை. அடிபட்டவன் ஒருவனாவது எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். நம் ஆட்களைக் கேட்டேன், உஸ்தாத் பேர் கெடும் என்று எல்லோரும் மறுத்துவிட்டார்கள். தாளில் அவர் பேரை எழுத வேண்டியதில்லை. ஆனால் மையமும் வருஷமும் போதும், அவர்தான் என்று தெரிந்துவிடும். உன்னை வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை.

எத்திராஜ்

பூந்தமல்லி,
2.7.2025

அன்பு மச்சான்,

உஸ்தாதிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதலாம் என்று சென்னை பாடியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். மூச்சு வாங்குகிறது அவருக்கு. ஆனாலும் வாசலுக்கே வந்து கட்டிக்கொண்டார். மருமகளைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். "இவன்தாம்மா ஜமீரு. இன்னா ஜம்ப்பு தெரியுமா! பந்துக்கு எகிறிதான் முட்டிய உட்டான்." வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை மச்சான், நம்பித்தான் சொல்கிறார். இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி அவருக்கு அதுவே நடந்ததாகிவிட்டது. நான் எதைக் கேட்பேன்? தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தேன். பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. என்னைச் சுமந்த மனுஷன் அவர்.

வீட்டுக்கு வந்தால், அர்ஷத் புது பூட்ஸைப் போட்டு நடந்து பழகிக்கொண்டிருந்தான். உட்கார்ந்து எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட்ட தாள் இதோடு இருக்கிறது.

விசாரணைக்கு ஆட்கள் பாடிக்குப் போவதற்கு முன்பே நீ போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள். நான் வர மாட்டேன். என்னைப் பார்த்தால், "நீயே சொல்லுடா, வாலிபால்தானே?" என்று கேட்பார்.

ஜமீர்