ஐந்தாவது படத்தில் நீங்கள் இல்லை

செல்லூர், மதுரை
6.1.2025

முத்திருளனுக்கு,

பாண்டீஸ்வரி எழுதுவது. நலம் விசாரிக்க எழுதவில்லை. உங்கள் நம்பரை என் போனிலிருந்து எடுத்து நாலு வருஷமாகிறது. அதனால்தான் தபால்.

சிம்மக்கல்லுக்கு நூல் வாங்கப் போன வழியில், ஓவியக் கண்காட்சி நோட்டீஸில் உங்கள் பேரைப் பார்த்து மண்டபத்துக்குள் போனேன். ஏழு படங்களையும் பார்த்தேன். பூட்டிய நம் வீடு, பிழைக்கப் போன சோலாப்பூர் ரயில், அங்கே முறுக்குக் கம்பெனியின் எண்ணெய்ச் சட்டி எல்லாம் சரி. ஐந்தாவது படத்தில், காய்ச்சலில் கிடந்த நம் கனகலட்சுமியைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடுகிறீர்கள். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "அப்பன்னா இப்படில்ல இருக்கணும்" என்று கண்ணைத் துடைத்தார்.

ஓடியது நான். நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அந்தப் படத்தை இறக்குங்கள்.

பாண்டீஸ்வரி

திருமங்கலம்
11.1.2025

பாண்டீஸ்வரிக்கு,

அது படம். போலீஸில் கொடுத்த வாக்குமூலம் இல்லை. அன்றைக்குப் பண்டரிபுரத்தில் ஒரு கடைச் சுவரில் பேர் எழுதிக்கொண்டிருந்தேன். போனில் சார்ஜ் இல்லை. எத்தனை தடவை சொல்வது? செய்ய வேண்டியதைச் செய்யாதவன் அதை வரையக்கூடவா கூடாது?

நீ மட்டும் என்ன? பிள்ளையைப் புதைத்த மூன்றாம் நாள், ஒரு வார்த்தை சொல்லாமல் ரயிலேறினாய்.

அடுத்த மாதம் இந்தப் படங்கள் ஒரு கல்லூரிச் சுவருக்குப் போகின்றன. இனி எப்போதும் அங்கேதான் இருக்கும். இறக்க முடியாது.

முத்திருளன்

செல்லூர்
17.1.2025

முத்திருளனுக்கு,

மூன்றாம் நாள் போனாய் என்கிறீர்களே, ஏன் என்று ஒரு தடவை கேட்டதுண்டா? அந்த ஊரில் என் பேச்சு புரிந்த ஒரே ஆள் நீங்கள். மூன்று நாளும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள்.

மதுரையில் இறங்கியதும் ஊருக்குப் போகப் பயம். "பிள்ளைய எங்கத்தா?" என்று கேட்பார்களே. செல்லூரில் தறி வேலை கேட்டேன். தறி வைத்திருக்கும் ஸ்வர்ணா அக்கா வேலையும் தந்து, மாடியில் அறையும் தந்தார். அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். இங்கேயும் எனக்குப் பாஷை தெரியாதுதான். ஆனால் எனக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் அக்கா தன் தட்டை எடுப்பார்.

உங்கள் கடைசிப் படத்தில் நாம் இருவரும் கைகோத்து ஊர் திரும்புகிறோம். நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் ஊர் செல்லூர்.

கல்லூரியில் திறக்கும் அன்று வருவேன். எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்வேன்.

பாண்டீஸ்வரி

திருமங்கலம்
29.1.2025

பாண்டி,

உன் மிரட்டலுக்குப் பயந்து இல்லை. ஐந்தாவது படத்தில் என்னை அழித்துவிட்டேன். கடைசிப் படத்தைச் சுருட்டிப் பரணில் போட்டாயிற்று.

உன்னை வரைய உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அன்று மழை பெய்ததா? என்ன சேலை கட்டியிருந்தாய்? வண்டி கிடைத்ததா? கூட இல்லாதவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

போனில் சார்ஜ் இருந்தது. காலையில் போட்ட சண்டையின் கோபத்தில் நான்தான் அணைத்து வைத்தேன்.

முத்திருளன்

செல்லூர்
5.2.2025

முத்திருளனுக்கு,

மழை இல்லை. கொளுத்தும் வெயில். பச்சைச் சேலை. காலில் செருப்பு இல்லை. ஓர் ஆட்டோவை மறித்தேன். காய்ச்சலுக்கு அந்த ஊரில் என்ன சொல்வார்கள் என்று தெரியாமல், ஓட்டுகிறவர் கையை இழுத்துப் பிள்ளையின் நெற்றியில் வைத்தேன். உடனே வண்டியைத் திருப்பினார்.

போனைப் பற்றி நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். மன்னிக்க வரவில்லை.

நேற்று ஸ்வர்ணா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தறியை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "பிள்ள பேரு என்ன?" என்று கேட்டார். நாலு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னேன். இனிக் கல்லூரிக்கு வந்து யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் எனக்கு எழுத வேண்டாம்.

ஆட்டோவில் அவள் கண்ணைத் திறந்து, "அப்பா வருதாம்மா?" என்று கேட்டாள். "வந்துக்கிட்டிருக்காருத்தா" என்றேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. இதைப் படத்தில் வரைய முடியாது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பாண்டீஸ்வரி