ஆட்டை யார் பார்ப்பது?

புதூர்நாடு
4.6.2024

அன்புள்ள உங்களுக்கு,

அம்சா எழுதுகிறேன். மழையில் டவர் படுத்துவிட்டது, அதனால்தான் கடிதம்.

நீங்கள் அனுப்பிய போஸ்டரைத் துணை சுகாதார நிலையத்துச் சுவரில் ஒட்டினேன். வீட்டுப் பிரசவத்தில் இறந்த தாய், பக்கத்தில் அழுகிற குழந்தை. பார்த்தாலே பதறும் படம். பதறித்தான் போனார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி பார்க்கக்கூடாதென்று, தண்ணீருக்கே வேறு வழியாகச் சுற்றிப் போகிறார்கள். ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்களும் நின்றுவிட்டார்கள். கிழித்துவிட்டேன், கோபப்படாதீர்கள்.

எனக்குப் புரியாதது ஒன்று. சசிகலாவுக்கு முதல் குழந்தை வீட்டிலேயே பிறந்து, தங்கவில்லை. இப்போது மறுபடி நிறைமாதம். "ஒரு வாரம் முன்னாலேயே கீழே ஆஸ்பத்திரிக்கு வந்து தங்கிடு" என்றால், "சரிங்க, வர்றேன்" என்று சிரிக்கிறாள். எல்லோருமே அப்படித்தான் சிரிக்கிறார்கள். ஒருத்தியும் வருவதில்லை. ஏன்? சோப்புக்கு விளம்பரம் எழுதிப் பிழைக்கிறவர்தானே, நீங்களே சொல்லுங்கள்.

இந்த மலைக்கு நான் நர்ஸாக வந்ததிலிருந்து நீங்களும் வருகிறேன், வருகிறேன் என்றுதான் சொல்கிறீர்கள். இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அம்சவல்லி

சென்னை
12.6.2024

அன்பு அம்சாவுக்கு,

கோபமில்லை, வெட்கம்தான். பயந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள் என்று நினைத்தேன். சுவரைவிட்டு ஓடுவார்கள் என்று தோன்றவில்லை.

இனிப் படம் வேண்டாம். "வருவாயா?" என்றும் கேட்காதே. அதற்குச் சரி என்பது வெறும் மரியாதை. எந்த நாள் கிளம்புகிறாய், யாரோடு போகிறாய், நீ இல்லாதபோது உன் வேலையை யார் பார்ப்பது என்று கேள். வீட்டார் காதுபட அவளே பதில் சொல்லட்டும். தன் வாயால் நாள் சொன்னவர்கள் பெரும்பாலும் கிளம்பிவிடுகிறார்கள்.

என்ன நடந்தது என்று எழுது, ஆவலாக இருக்கிறேன். இந்த மாதம் வேலை நெருக்குகிறது. முடிந்ததும் கண்டிப்பாக வருகிறேன்.

உன் குணசீலன்

புதூர்நாடு
2.7.2024

அன்புள்ள உங்களுக்கு,

சசிகலா வீட்டில் போய்க் கேட்டேன். எந்த நாள் என்றதுமே அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கடைசிக் கேள்விக்கு மாமியார் சாந்தம்மாள்தான் வாய் திறந்தார். "இவ போய்ட்டா ஆட்டை யாரு பாக்கறதுங்க?"

இத்தனை நாளும் ஆடுதான் தடுத்திருக்கிறது! எனக்கு இது தோன்றவே இல்லை. புருஷன் வேடியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். "நான் மேய்ச்சிக்கறேன். பொதங்கெழம ஜீப்புல எங்கம்மா இவள இட்டுனு போவட்டும்" என்றான்.

சொன்னபடியே போனார்கள். பெண் குழந்தை, இருவரும் நலம். பிள்ளையைக் கையில் வாங்கியதும் அழுதுவிட்டேன்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். எந்த நாள்? எந்த பஸ்? அங்கே உங்கள் ஆட்டை யார் பார்ப்பது? இன்னொரு முறை "கண்டிப்பாக வருகிறேன்" என்று எழுதுவதாக இருந்தால், எழுதவே வேண்டாம். நானும் இனிக் கேட்க மாட்டேன்.

அம்சவல்லி

சென்னை
6.7.2024

என் அம்சாவுக்கு,

பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. திருப்பத்தூர் வரை ரயில், அங்கிருந்து மதியம் மலைக்கு வருகிற பஸ். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன் கடைசிக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன். எனக்கு இங்கே ஆடே இல்லை, அம்சா. நான் இல்லாமலே நீ நன்றாக இருப்பதை நேரில் பார்க்க வேண்டிவருமோ என்று பயம். அதை எழுதத் தெரியாமல் வேலை, வேலை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

பஸ் நிற்கும் இடத்துக்கு வருவாயா என்று கேட்கப் போனேன். எழுதியதை அடித்துவிட்டேன்.

எங்கே நிற்பாய்?

குணசீலன்