பொழுதுபோக்கு என்று யார் சொன்னது?

காலையில் ஓர் அழைப்பிதழ் வந்தது. உறையைப் பிரித்ததும் புது மையின் வாசனை. ஆசையாக முகர்ந்துவிட்டுத்தான் படித்தேன். நூலகத்தில் நம் பதிப்பகத்துக்கு விழாவாம். நீ போன பிறகு நடக்கிற முதல் விழா. 'பொழுதுபோக்காகப் புத்தகம் போடத் தொடங்கிய குடும்பப் பெண்கள் இருவர்' என்று நம்மைப் பற்றி ஒரே வரி. வந்தது பார் கோபம்! நீ இருந்திருந்தால் இந்நேரம் விழாக்குழுவை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாய்.

பொழுதுபோக்காம்! நமக்குப் பொழுது எங்கே இருந்தது? நீ ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, செய்தித்தாள் அலுவலகத்தில் அத்தனை ஆண்கள் மத்தியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். அச்சுப்பிழை பார்த்து மெய்ப்புத் திருத்தச் சேர்ந்து துணை ஆசிரியர் ஆனாய். கொள்ளிடத்தில் வெள்ளம் என்று நிருபர் பக்கம் பக்கமாக அழுது அனுப்பினால், நாலு வரியில் நிறுத்துவாய். "எங்கே வந்தது, யாருக்கு என்ன ஆச்சு, அதைச் சொன்னாப் போறும்டி" என்பாய். நானோ கத்தோலிக்கச் சபையார் நடத்திய மாத இதழில் இருந்தேன். சாமியார்கள் எழுதியதில் ஒரு வார்த்தையை மாற்றவும் நயமாகப் பேசிச் சம்மதம் வாங்க வேண்டும். வெட்டத் தெரிந்தவள் நீ, பொறுமையாகச் செப்பனிடத் தெரிந்தவள் நான். 1950களின் கடைசியில் அந்த இரண்டு வேலைகளையும் விட்டுவிட்டுத்தான் தெப்பக்குளத்துக்குப் பக்கத்து மாடி அறையில் வந்து உட்கார்ந்தோம்.

முதல் புத்தகத்தில் நாம் அடித்த கூத்து இருக்கிறதே! பேர் பெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் பயணக் கட்டுரைகள். கடைசி மெய்ப்பையும் திருத்தி மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு பேரும் கம்மென்று இருந்துவிட்டோம். ஒரு வாரம் போல ஆயிற்று. அச்சகத்துக்காரர் படியேறி வந்தார்.

"என்னம்மா, மெஷினைக் காலியா வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். யார் கையெழுத்துக்காக நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். உன் ஆபீஸில் ஆசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும். என் ஆபீஸில் ஃபாதர் போட வேண்டும். பழக்க தோஷம்! இனி நமக்கு மேலே யாரும் இல்லை என்பது முதலாளிகள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, 'அச்சிடலாம்' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

அன்று மாலையே பேராசிரியர் வந்தார். முதல் பக்கத்தில் பதிப்பாசிரியர்கள் என்று நம் பெயர்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"தப்பா நினைக்காதீங்க. பொம்பளைங்க பேர் இருந்தா காலேஜ்ல வாங்க யோசிப்பாங்க. என் தம்பி பேரைப் போட்டுடுங்க."

அந்தப் புத்தகத்தை நம்பித்தான் வேலையையே விட்டிருந்தோம். நீ யோசிக்கக்கூட இல்லை. மறுநாள் அச்சுக்குப் போகவிருந்த தாள்கட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாய்.

"உழைச்சது நாங்க, பேர் உங்க தம்பியோடதா? எடுத்துண்டு போங்கோ சார். எங்க பேர் இல்லாத புஸ்தகம் எங்களுக்கு வேண்டாம்."

மனிதர் போயே போய்விட்டார். அந்த வருஷம் பட்ட பாடு கொஞ்சமா? திருவெள்ளறைப் பள்ளி ஆசிரியை ஒருவரின் கதைகளைத் தேடிப் பிடித்துப் போட்டு, பை நிறையத் தூக்கிக்கொண்டு பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினோம். உன் தோளில் பையின் வார் அழுத்திய தழும்பு வெகுநாள் இருந்தது. ஆனால் முதல் பக்கத்தில் நம் இருவர் பெயர்களும் இருந்தன.

இன்று விழாக்குழுத் தம்பிக்குப் போன் போட்டேன். நீயும் நானும் எங்கே, என்ன வேலை பார்த்தோம் என்று விவரமாகச் சொல்லி, அழைப்பிதழைத் திருத்தி அடிக்கச் சொன்னேன்.

"எல்லாருக்கும் அனுப்பியாச்சேம்மா. அதுவும் அவங்கதான் இப்ப இல்லையே, யாரு கேக்கப் போறாங்க?"

"நான் கேக்குறேன் தம்பி. மாத்தலைன்னா விழாவை நான் இல்லாம நடத்திக்கோங்க."

போனை வைத்துவிட்டேன். நீ இல்லைதான். அதற்காக நீ பார்த்த வேலையும் இல்லை என்று ஆகிவிடுமா? உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இந்த வீம்பு. மூச்சு இருக்கும்வரை இதை விட மாட்டேன், போடி.