இல்லாத குடிசைக்கு ஒரு போட்டோ

என் உசுரான அண்ணனுக்கு,

ஆமாம், அடித்தேன். நீ கேட்பாய் என்று தெரியும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராசுவைத்தான் அடித்தேன். டீக்கடை பெஞ்சிலிருந்து பலகையை உருவி வாயிலேயே போட்டேன். இரண்டு பல் விழுந்தது. நாலு பேர் என்னைத் தரையில் அமுக்கிப் பிடித்திருக்காவிட்டால் இந்தக் கடிதத்தை ஜெயிலில் உட்கார்ந்துதான் எழுதியிருப்பேன்.

அவன் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஜாமீனில் வந்தவன், வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டே, "என்னடா, உங்கண்ணன் ஊடு எது வரைக்கும் எழும்பியிருக்குது?" என்று கேட்டான். அவ்வளவுதான்.

இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

காளப்பநாயக்கன்பட்டிக்குக் கட்டட வேலைக்குப் போன நீ, அண்ணியைக் கூட்டிக்கொண்டு மலையேறி வந்தாய். கீழ்நாட்டுப் பெண், வேறு சாதி. ஊர் கூடியது. தண்ணீர் கிடையாது, நெருப்பு கிடையாது, ஊர்க்காட்டில் ஒரு மூங்கில் வெட்டக்கூடாது என்றார்கள். நம் அப்பன் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நீ தட்டத் தட்ட டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தான். நான் பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தில் விட்டுவிட்டு உன்னோடு வந்தேன். உனக்காக விட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அதில் பாதி பொய். எனக்குப் படிப்பும் ஏறவில்லை.

முதலில் சந்தைக் கொட்டகை. அப்புறம் பஸ் நிழற்குடை. உன் மகள் பாப்பா அந்த சிமெண்டுத் தரையில்தான் தவழப் பழகினாள். மழைக்காலத்தில் ஊராட்சிக்காரர்கள் சமுதாயக் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். வீடில்லாத யாரையும் மழையில் விடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவாம். பாயும் கம்பளியும் கொடுத்தார்கள். நல்ல கம்பளி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் முகூர்த்தம் வந்தால் கூடம் கல்யாணக்காரர்களுக்கு. நாம் பாயைச் சுருட்டிக்கொண்டு மறுபடி நிழற்குடைக்குப் போக வேண்டும். "பந்தியில எடமில்லாட்டிப் போகுது, பாட்டாச்சும் ஓசியில கேப்போம்" என்று நீ சிரித்தாய். எனக்கு அந்த மைக்செட்டை உடைக்க வேண்டும் போலிருந்தது.

பிறகு வீடு கட்டிக்கொடுக்கும் திட்டத்துக்குக் கணக்கெடுக்க ஓவர்சீயர் போனோடு வந்தார். வியர்த்து வழிந்துகொண்டு, மலையில் அடுத்திருக்கும் பெரக்கரை நாட்டுக்கும் இன்னைக்கே போகணும் என்று பறந்துகொண்டிருந்தார்.

"பழைய ஊட்டுக்கு முன்னால குடும்பத்தோட நில்லுங்க, போட்டோ எடுக்கணும்."

"பழைய ஊடே இல்லீங்களே" என்றாய்.

"பழைய ஊடு இல்லைன்னா புது ஊடு கெடைக்காதுங்க."

"ஊடு இல்லாதவனுக்குத்தானுங்க ஊடு?"

"எனக்குப் புரியுதுங்க. இந்தப் போனுக்குப் புரிய மாட்டேங்குது." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நாலு கம்பு நட்டு மேல கீத்துப் போட்டு வைங்க. வியாழக்கெழமை காத்தால வாரேன்" என்றார். நல்ல மனுஷன்தான். பயந்த மனுஷன்.

ஒரு போட்டோவுக்காக ஒரு வீட்டைக் கட்டினோம். சேந்தமங்கலத்திலிருந்து கீற்றும் மூங்கிலும் பஸ் கூரையில் போட்டுக் கொண்டுவந்தோம். ராசுவின் குச்சிக்கிழங்குக் காட்டை ஒட்டிய புறம்போக்கு. பெரியப்பன் மகன்தான், ஆனாலும் வருஷம் ஒரு முழம் அந்த இடத்தைத் தின்றுகொண்டிருந்தவன். வருவான் என்று எனக்குத் தெரியும். அரிவாளைத் தீட்டி இடுப்பில் செருகியிருந்தேன்.

நீதான் அதைப் பிடுங்கிப் புதரில் எறிந்தாய். அண்ணியிடம், "மொதல்ல அடுப்ப மூட்டு" என்றாய். மூன்று கல் வைத்து அண்ணி மூட்டினாள். ஈர விறகு, நன்றாகப் புகைந்தது. "அவ்ளோதாண்டா. அடுப்பு பொகையற ஊட்டுல நம்ம சனம் கை வைக்காது" என்றாய். அது உண்மைதான். நம் ஊரில் எத்தனை பங்காளிச் சண்டை நடந்திருக்கிறது, வரப்பை வெட்டியிருக்கிறார்கள், காட்டுக்குத் தீ வைத்திருக்கிறார்கள். அடுப்பு எரியும் வீட்டைத் தொட்டதில்லை. ஆனால் நெருப்பு கிடையாது என்று உனக்குச் சொன்னதும் அதே ஊர்தானே, அண்ணா? துரத்திவிட்ட பிறகும் அதன் கட்டுப்பாட்டை ஏன் நம்பினாய்?

ஓவர்சீயர் போனைத் தூக்கிப் பிடித்தார். நீ சட்டைக் காலரைச் சரிசெய்தாய். அண்ணி இடுப்பில் பாப்பா. அப்போதுதான் ராசுவும் இன்னும் இரண்டு பேரும் பின்னால் காட்டுக்குள்ளிருந்து வந்தார்கள். அவன் கையில் கடப்பாரை.

"அடுப்பு பொகையுது, ராசு" என்றாய் திரும்பி.

"ஊர் தள்ளுனவன் அடுப்பு அடுப்பாடா?" அடுப்புக் கல்லை எட்டி உதைத்தான். கொள்ளி பறந்து அண்ணியின் காலில் விழுந்தது. நீ அவளை இழுக்கக் குனிந்தாய். குனிந்த தலையில் இறக்கினான்.

சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. தேங்காய் உடைப்பார்களே, அந்த அளவுகூட இல்லை. பிறகு கூரையைப் பிய்த்தார்கள். நான் ஒருவன் கையைக் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்னொருவன் என் விலாவில் மிதித்துக்கொண்டே இருந்தான். ஓவர்சீயர் பைக்கை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். உன் ரத்தம் சாம்பலோடு சேர்ந்து கறுப்பாக ஓடியது.

ஆம்புலன்ஸ் எழுபது வளைவு இறங்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் உன் தலை அண்ணியின் மடியிலிருந்து நழுவும், அவள் இழுத்து வைப்பாள். நீ எந்த வளைவில் போனாய் என்று எனக்குத் தெரியாது. நான் ஜன்னலோரம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். உனக்கு வலித்ததா? கூப்பிட்டாயா? நான் கேட்கவில்லை, அண்ணா.

இனி உனக்குத் தெரியாதது.

உனக்கு வீடு வந்துவிட்டது. அண்ணி பேரில் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். ஓவர்சீயர் அந்த போட்டோவை ஓரத்தை வெட்டிவிட்டு ஏற்றியிருக்கிறார். வெட்டாத படத்தில் நீயும் அண்ணியும் பாப்பாவும் குடிசையும் புகையும், வலது ஓரத்தில் கடப்பாரையோடு ராசுவும் இருக்கிறார்கள். ஊரே நீ பாறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறது.

போன வாரம் ஊர்ப் பெரியவர் கூடத்துக்கே வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, நம் பாயில் உட்கார்ந்தார்.

"இத பாரு சாமி, கோர்ட்டுல வழுக்கி உழுந்தான்னு ஒரு வார்த்தை சொல்லு. அந்த எடத்துலயே ஊடு கட்டிக்கங்க. தண்ணிக் கொழாய் நாங்களே இழுத்துத் தாரோம். இல்லைன்னா அது சுடுகாட்டுப் பாதைன்னு ஊரே கையெழுத்துப் போடும். பைலு அப்பிடியே தூங்கீரும்."

அவர் போனதும் நான் அண்ணியிடம் சொன்னேன்: "பொய் சொல்லிருவோம், அண்ணி. நீங்க ஊட்ட வாங்கிக்கங்க. வாசக்கால் நெலவு வெச்ச மறுநாள் நான் அவனை வெட்டிக்கிறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கே வெட்டுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். கழுத்தில் இல்லை. கையில் ஆரம்பிக்க வேண்டும்.

அண்ணி பாப்பாவுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "உங்கண்ணன் வழுக்கி உழற ஆளாங்க?" என்றாள். அப்புறம், "எனக்கு ஊடு வேணும். ஆசையா இருக்குது, இல்லைங்கல. ஆனா நீங்க உள்ள போயிட்டா இந்த மலையில என்னை ஆளுன்னு மதிச்சுக் கூப்புட யாரு இருக்கா?"

மறுநாள் கீழே போனாள். ஓவர்சீயர் ஆபீஸ் வாசலில் பாப்பாவோடு உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் படத்துல என் ஊட்டுக்காரர் இருக்காரு, முழுசாக் குடுங்க" என்று போகிறவர் வருகிறவர் எல்லோரும் கேட்கச் சொன்னாளாம். சாயங்காலம் வரை அந்த ஆள் வெளியே வரவில்லை. வந்தபோது படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, போனையும் கையோடு கொண்டுவந்தார்.

"என் பேரைச் சொல்லிராதீங்கம்மா" என்றவர், பாப்பாவைப் பார்த்துவிட்டு, "செரி, சொல்லிக்கங்க. கூப்பிட்டா வாரேன்" என்றாராம்.

இன்று நாமக்கல் கோர்ட்டில் என் சாட்சி. நிழற்குடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். விடிந்ததும் எதிரே தெரியும் நம் இடத்தில் ஒரு லாரி ஜல்லியும் மணலும் கொட்டியிருக்கிறார்கள். காண்டிராக்டர் அனுப்பியதா, ஊர் தூண்டில் போட்டதா, தெரியவில்லை. பெரியவர் பஸ் ஸ்டாப்புக்கே வந்து நிற்கிறார். பக்கத்தில் ராசு, வீங்கிய வாயோடு. அவனைப் பார்த்தால் இப்போதும் கை முறுக்கிக்கொள்கிறது. பொய் சொல்லி என்ன.

"ஜல்லி எறங்கிருச்சு, கண்ணு. இன்னைக்கே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டலாம். நீங்க ரெண்டு பேரும் பஸ் ஏறாம இருந்தாப் போதும்" என்கிறார் அண்ணியிடம்.

அண்ணி அந்தக் குவியலையே பார்த்தாள். கொஞ்ச நேரம் இல்லை, நிறைய நேரம். இரண்டு வருஷம் பாயைச் சுருட்டியவள் அவள்தானே?

"கெடக்கட்டுங்க" என்றாள் கடைசியில். "சாட்சி சொல்லீட்டு வந்து பாத்துக்கறோம்."

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவனை இனித் தொட மாட்டேன். வக்கீல் எத்தனை தடவை மாற்றி மாற்றிக் கேட்டாலும், உன் தலையில் எவன் இறக்கினான் என்று பேரோடு சொல்வேன். வீடு வந்தால் வரட்டும். வராவிட்டால் கூடம் இருக்கிறது, நிழற்குடை இருக்கிறது, மறுபடி நாலு கம்பு நடலாம்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், பாப்பா இப்போது உன்னை மாதிரியே

பஸ் வந்துவிட்டது. அண்ணி ஏறிவிட்டாள். நான் போகணும்.

உன் கூடப்பொறந்தவன்,
சின்னு