செலின் மச்சாள் சொல்லாமல் போனது

என் ஆசை செலின் மச்சாளுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. உங்கள் கந்தோரில், உங்கள் மேசையில் இப்போது நான் இருக்கிறேன். தொழிற்சாலையில் நண்டுச் சதை எடுக்கும் நாற்பது பெண்களுக்கும் நான்தான் மனேஜர். ஆனாலும் அவர்கள் வாயில் இன்னும் உங்கள் பெயர்தான்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமை. உங்களுக்கு உதவியாளராக இருந்த எட்டு வருடமும் அது இருந்தது. உங்கள் செத்தவீட்டில் அவர்கள் அழுததைப் பார்த்தபோதும், எனக்கு யார் இப்படி அழுவார்கள் என்றுதான் நினைத்தேன். செத்தவரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவளை என்னவென்று சொல்வது?

கார்த்திகை மழையில் எங்கள் விடத்தல்தீவு ஊருக்குள் வெள்ளம் வந்தது. மின்சாரம் நின்றுவிட்டது. குளிர் அறை நிறைய நண்டு, உடனே அவிக்காவிட்டால் பழுதாகிவிடும். ஒவ்வொருத்திக்கும் போன் எடுத்து, வராவிட்டால் வேலை இல்லை என்றேன். ஒருத்தியும் வரவில்லை. நீங்கள் கூப்பிட்டிருந்தால் நீந்தியாவது வந்திருப்பார்கள் என்று எனக்குள் எரிந்தது.

மத்தியானம் அவர்களைத் தேடி மாதா கோயிலுக்குப் போனேன். வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததில், ஈர உடுப்போடு, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு அங்கே இருந்தார்கள். நான் ஏச வாயெடுத்தேன். தொடக்கத்திலிருந்தே உங்களோடு வேலை செய்த றெஜினாக்கா எழும்பி வந்து என் கையைப் பிடித்தா.

"செலின் மிஸ்ஸும் முதல்ல இப்பிடித்தான் கத்தினவா, மிஸ். நீங்கள் வர முன்னம் ஒருக்கா ஐஸ் வராம நண்டெல்லாம் பழுதாப்போச்சு. பழிய எங்கட தலையில போட்டவா. நாங்கள் எல்லாரும் வேலைய விட்டிட்டு வெளியில போய் நிண்டனாங்கள். பிறகு வீடு வீடா வந்து மன்னிப்புக் கேட்டவா. அதுக்குப் பிறகுதான் எங்கட கதையக் கேக்கப் பழகினவா."

மன்னிப்புக் கேட்டீர்களா, நீங்கள்? என்னிடம் ஒருநாளாவது சொல்லியிருக்கக் கூடாதா? பிறக்கும்போதே உங்களோடு வந்த குணம் என்றல்லவா நான் வெந்துகொண்டிருந்தேன்.

போனில் சொன்னதற்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "இப்ப உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். படுக்கக் காய்ந்த இடம் வேண்டும் என்றார்கள். தொழிற்சாலை மேட்டில்தானே இருக்கிறது, மண்டபத்தைத் திறந்துவிட்டேன். அங்கேயே சமைத்தோம். பிள்ளைகள் சாப்பிட்டதும், நான் கேளாமலே பன்னிரண்டு பேர் கையுறை போட்டு, கெடாத நண்டை அவிக்கத் தொடங்கினார்கள். பாதியைக் கொட்டத்தான் வேண்டியிருந்தது. முதலாளியிடம் அந்தப் பழியை நானே ஏற்றுக்கொண்டேன்.

வெள்ளம் வடிந்த பிறகு ஒருத்தியும் வேலையை விட்டுப் போகவில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால், செலின் மிஸ் இருந்திருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பா என்று பேசிக்கொள்கிறார்கள். பாருங்கோ மச்சாள், கதவைத் திறந்தது நான், பெயர் உங்களுக்கு.

இந்தப் பொறாமை போய்விடும் என்று சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் உறுதி. எனக்குப் பிறகு இந்த வேலைக்கு வருகிறவளிடம், நான் கத்தியதையும் மன்னிப்புக் கேட்டதையும் முதல் நாளே சொல்லுவேன். உங்களைப்போல மறைத்துவைக்க மாட்டேன். அதிலாவது உங்களை நான் வெல்ல விடுங்கோ.

உங்கள் தம்பியின் பெண்சாதி,
ஜெசிந்தா