தூங்காத முனிலட்சுமி

18 ஆகஸ்ட் 2008, திங்கள்

பகலில் புகார் படிப்பது என் உத்தியோகம். வண்டிக்குப் பாகம் வார்க்கும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு. வார்ப்பில் குமிழ் இருக்கிறது என்று திரும்பி வந்த சாமானுக்குச் சிவப்புச் சீட்டுக் கட்டிக் காரணம் எழுத வேண்டும். அதற்குச் சம்பளம் உண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து 'கோட்டை'யின் புகார்ப் பகுதியைப் படிக்கிறேன். அதற்கு ஒரு வாய் டீகூடக் கிடையாது.

பெங்களூர் அஸ்வின் பொழுது போகாமல் எழுதி, இணையத்தில் இலவசமாக விட்ட விளையாட்டு. ஆளுக்கொரு கோட்டை. தானியம் விளைத்து அள்ள வேண்டும், வாசலைக் கட்டிக் காக்க வேண்டும், அசந்தால் பக்கத்துக் கோட்டைக்காரன் உடைத்துக்கொண்டு போவான். எனக்கும் ஒரு கோட்டை உண்டு, அதோடு நான் அங்கே கண்காணிப்பாளன். பெயர் 'காவலன்'. அது இந்த குருமூர்த்திதான் என்று அஸ்வினுக்கும் என் மனைவி பிரியாவுக்கும் மட்டும் தெரியும்.

இன்றைக்குத் துபாயிலிருந்து ஒரு மகராசன். அவன் கோட்டைக் கொடியின் நிறம் பிடிக்கவில்லையாம், நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவானாம். ஓசியில் விளையாடுகிறவனுக்கு நீதிமன்றம்! இன்னொருவன் சாப்பிடப் போன நேரத்தில் கொள்ளையடித்துவிட்டார்களாம், அநியாயமாம். கொள்ளைக்காரன் சொல்லிவிட்டா வருவான்? எல்லாருக்கும் ஒரே பதில்தான் போட்டேன். தொழிற்சாலையில் சொல்வதேதான்: "காரணம் எழுதாத புகார் செல்லாது."

பாராட்டுப் பகுதி இதைவிடக் கேவலம். 'சூப்பர்', 'அருமை நண்பரே', ஒரு இளிப்புப் படம். அதுவும் அஸ்வினுக்கு. இங்கே குப்பை அள்ளுகிறவனுக்கு ஒரு நன்றி கிடையாது. எனக்கு வேண்டவும் வேண்டாம்.

21 ஆகஸ்ட்

வேண்டாம் என்று எழுதியது பொய். ஒன்றே ஒன்று வந்தால் போதும்.

2 செப்டம்பர், செவ்வாய்

புதுத் தலைவலியின் பெயர் முனிலட்சுமி. இந்தப் பெயரில் ஒரு கோட்டை வந்ததிலிருந்து பாராட்டுப் பகுதி நிரம்பி வழிகிறது. 'தோழி, உங்கள் கோட்டை போல் உங்கள் மனமும் அழகாக இருக்கும்' — இப்படி எழுதுகிறவன் பெயரை இங்கே எழுதினால் நோட்டு நாறும். பெண் பெயரைக் கண்டால் போதும், எல்லாரும் கவிஞர்கள்.

அதே கவிஞர்கள் புகார்ப் பகுதியில் வேறு பெயரில் வந்து புலம்புகிறார்கள். முனிலட்சுமி தூங்குவதே இல்லையாம். காலையில் போனாலும் வாசலில் நிற்கிறாள், மத்தியானம் போனாலும் நிற்கிறாள், விடியலில் போனாலும் அடித்து விரட்டுகிறாள். இது மனுஷி இல்லை, யாரோ செய்துவைத்த தானியங்கி, உடனே கோட்டையைப் பூட்டுங்கள் என்கிறார்கள்.

பதிவுகளைப் பார்த்தேன். அவர்கள் சொல்வது உண்மைதான். அதுதான் எரிச்சல். முட்டாள்கள் சொல்வது சரியாக இருந்துவிட்டால் நமக்கு என்ன மரியாதை?

14 செப்டம்பர், ஞாயிறு

ஒரு வாரமாக முனிலட்சுமியிடம் 'நீ யார்?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நேரம் 'வணக்கம் ஐயா, நலமா இருக்கீங்களா' என்று பதில் வருகிறது. இன்னொரு நேரம் 'உனக்கு வேற வேலையே இல்லையா' என்று வருகிறது. விடியற்காலையில் கேட்டால் வெறும் 'ம்'. தானியங்கிக்கு இத்தனை குணமா? இல்லை, என்னைக் கேலி செய்கிறாளா?

அஸ்வினுக்குப் போன் செய்தேன். "ஒருத்தருக்கு ஒரு கோட்டை, அதான் ரூல். ஏமாத்துனா பூட்டிடுங்க குரு. எனக்கு டெய்லி நூறு மெயில் வருது" என்றான். தீபாவளிக்குள் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதாக விளையாட்டின் அறிவிப்புப் பலகையில் போட்டுவிட்டேன். உடனே பன்னிரண்டு பேர் கைதட்டினார்கள். தீர்ப்பு சொல்வதற்கு முன்னாலேயே கைதட்டு!

பிரியா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, சம்பளம் குடுக்காத வேலைக்கு இவ்ளோ கோவம்னா, குடுத்தா என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

இதுவும் காரணம் எழுதாத புகார்.

8 அக்டோபர், புதன். ஆயுத பூஜை

காலையில் தொழிற்சாலையில் பூஜை. எல்லா மெஷினுக்கும் பொட்டு, வாழைக்கன்று, பொரி. எம்.டி. கையால் இனிப்பு. ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சின்ன டப்பா, எங்களுக்குப் பெரிய டப்பா. ஆயுதத்துக்கும் சாதி உண்டு போல.

வீட்டுக்கு வந்தால் பிரியா கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்துக் கதம்பம் சுற்றியிருக்கிறாள். போடப் போனேன். "படைச்சதை இன்னிக்குத் தொடக்கூடாதுங்க" என்றாள். திரையில் பொட்டு வைத்தால் வைரஸ் வராதா என்று கேட்டுவிட்டுப் போட்டேன்.

போட்டதும் ஆச்சரியம். முனிலட்சுமி தூங்கிவிட்டாள்! காலையிலிருந்து ஓர் அசைவில்லை. விட்டார்களா? கவிதை எழுதினவன்தான் முதலில் வடக்கு வாசலை உடைத்திருக்கிறான். தானியம் மொத்தமும் போச்சு. வெற்றி வெற்றி என்று பலகை முழுக்கக் கூச்சல். தானியங்கி பழுதாகிவிட்டது, காவலா, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்கிறார்கள்.

சரி. ஞாயிற்றுக்கிழமை பூட்டிவிடலாம்.

10 அக்டோபர், வெள்ளி

மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும் நேரம். வார்ப்புப் பிரிவில், அடுக்கிவைத்த சாமானுக்குப் பின்னால் குனிந்து குமிழ் தேடிக்கொண்டிருந்தேன். முனிவேல் வேலையை முடித்துக் கிளம்புகிறான், பொன்னுசாமி உள்ளே வருகிறான். இருவரும் ஒப்பந்தப் பையன்கள். முனிவேல் ஜவளகிரி, பொன்னுசாமி விருதுநகர்ப் பக்கம்.

"மூணாம் நம்பர் மெஷின் சூடாவுது, எண்ணெய் பாத்து வுடு" என்றான் முனிவேல்.

"சரிடா. அங்கன வடக்கு வாசல் பாதிதான் கட்டியிருக்கேன். தானியம் அஞ்சு மணிக்கு விளையும், மறக்காம அள்ளிரு."

வடக்கு வாசலா! எழுந்து, "எந்த வாசல்டா?" என்றேன்.

முனிவேல் நெளிந்தான். "கேம் சார். நானு, இவன், நைட் ஷிப்ட் முடிச்சி விடிகாலைல வர்ற அண்ணாதுரை, மூணு பேரும் ஒரே ரூமு. கட்டிலும் ஒண்ணுதான். ஒருத்தன் எந்திரிச்சா ஒருத்தன் படுப்போம். கேமும் அப்படித்தான்."

"மூணு பேருக்கு ஒரே பேரா?"

"மெஷினு ஒண்ணுதானே சார்? ஷிப்டுக்கு ஒரு மெஷினா வாங்குவாங்க?"

அவர்கள் கம்ப்யூட்டரும் பழசு, சேர்ந்து வாங்கியது. வீட்டுக்காரர் மகன் பிராட்பேண்ட் வயரை ஜன்னல் வழியாக இழுத்து விட்டிருக்கிறான். முனிலட்சுமி என்பது முனிவேலின் அம்மா பெயர். எது வாங்கினாலும் அம்மா பேரில்தான் வாங்குவானாம். ஐயோ, அந்தக் கவிஞர்கள்!

"புதன்கிழமை ஏன் யாரும் ஆடல?"

"ஆயுத பூசை சார். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சிப் படைச்சிட்டோம். படைச்சதை எப்பிடித் தொடறது? கம்முனு ஒக்காந்திருந்தோம். மறுநா எடுத்துப் பாத்தா ஒடச்சிப் போட்டிருக்கானுங்க."

உலகத்தையே ஏமாற்றும் தானியங்கி என்று நான் துரத்திய ஆசாமிகள், சாமி கும்பிட்ட பெட்டியைத் தொடமாட்டோம் என்று கோட்டையைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

பொன்னுசாமி சும்மா இருக்கவில்லை. "அங்க காவலன்னு ஒருத்தன் இருக்கான் சார். சரியான லூசு. நீ யாரு, நீ யாருன்னு உசுர வாங்குறான்."

முனிவேல் சொன்னான்: "லூசோ என்னமோ, அவன் இல்லாட்டி அந்தத் துபாய்க்காரனுங்க எல்லாரையும் மேஞ்சிருப்பானுங்க. எவ்ளோ திட்டினாலும் ஒக்காந்து பதில் போடறான் பாரு."

பார்க்கிறேன் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

12 அக்டோபர், ஞாயிறு

ஒருத்தருக்கு ஒரு கோட்டை. விதி தெளிவாக இருக்கிறது. அவர்கள் மீறினார்கள், அதுவும் தெளிவு. பூட்டும் பொத்தானை வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். இதில் யோசிக்க என்ன இருக்கு? லூசு என்று சொன்னானே, அதற்காகவாவது பூட்டலாமே? அந்தக் கவிதைக்காரனுக்குக் கைதட்ட நான் சந்தர்ப்பம் கொடுக்கணுமா? முடியாதுடா. போய் உன் அம்மாவுக்குக் கவிதை எழுது.

கடைசியில் பலகையில் போட்டேன்: 'விசாரித்தாயிற்று. முனிலட்சுமி மனிதர்தான்.'

எத்தனை மனிதர் என்று யாரும் கேட்கவில்லை.

13 அக்டோபர்

காவலன் முனிலட்சுமியிடம் மயங்கிவிட்டானாம். துபாய்க்காரனின் புகார். பிரியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

17 நவம்பர், திங்கள்

ஆர்டர் இல்லை. உலகம் முழுக்க வண்டி வாங்குவதை நிறுத்திவிட்டார்களாம். இன்று முதல் நைட் ஷிப்ட் கிடையாது. ஒப்பந்த ஆட்களைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், அண்ணாதுரை போய்விட்டான். அறிவிப்புத் தாளின் கடைசி வரி: 'உங்கள் உழைப்பைப் பாராட்டுகிறோம்.' எங்கே போனாலும் பாராட்டுப் பகுதி ஒன்று இருக்கிறது, எங்கேயும் இதே லட்சணம்தான்.

19 நவம்பர்

முனிலட்சுமி விடியற்காலையில் தூங்குகிறாள்.

29 நவம்பர், சனி

பொன்னுசாமியும் போய்விட்டான். தோளில் ஒரு பையோடு பேருந்து நிலையத்தில் பார்த்தேன். "ஊர்ல பாத்துக்கலாம் சார்" என்றான். பேருந்து வர, ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

இன்று பலகையில் புகார்: முனிலட்சுமி முன்னைப் போல் இல்லையாம், சண்டையில் சுவாரசியம் போய்விட்டதாம், நிர்வாகம் ஏதாவது செய்ய வேண்டுமாம். யார்? பூட்டு பூட்டு என்று கத்தின அதே கும்பல்தான்! தூங்காவிட்டாலும் குற்றம், தூங்கினாலும் குற்றம். பதில்கூடப் போடவில்லை.

6 டிசம்பர், சனி

முனிவேலின் கடைசி நாள். ஷிப்ட் முடிந்ததும் என் மேசைக்கு வந்தான். ஊரில் கேழ்வரகு அறுப்பாம், அண்ணன் வரச் சொன்னானாம்.

"சார், ஒண்ணு ஒப்படைக்கணும்" என்றான். மெஷினைப் பற்றி என்று நினைத்தேன்.

"வடக்கு வாசல் கட்டி முடிச்சாச்சு. தெக்கால காவல் பத்தாது. தானியம் காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா அள்ளணும். பாஸ்வேர்டு அம்மா ஊரு பேரு, கெலமங்கலம்."

"என்கிட்ட ஏண்டா சொல்றே?"

"காரணம் எழுதாத புகார் செல்லாதுன்னு ஒலகத்துல ரெண்டு பேரா சார் சொல்லுவாங்க?" என்றான். "அன்னிக்கு லூசுன்னது பொன்னுசாமிதான் சார், நானில்ல. அப்புறம் அவனே சொன்னான், நம்மள வுட்டாருல்ல, ஒரு நன்றி போடலாம்டான்னு. பாராட்டுப் பகுதில போடத்தான் போனோம். அங்க போட்டிருக்கறவனுங்களைப் பாத்துட்டு வெக்கமாப் போச்சு. வந்துட்டோம்."

நான் அவனைத் திட்டினேன். எதற்கு என்று ஞாபகமில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டு கேன்டீனுக்குக் கூட்டிப்போனேன். நன்றாகச் சாப்பிட்டான்.

21 டிசம்பர், ஞாயிறு

துபாய்க்காரனிடமிருந்து புகார். முனிலட்சுமி இப்போது காலையில் ஏழு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் மட்டுமே வருகிறாளாம். ஆட்டம் மாறிவிட்டதாம், படு மட்டமாம். ஏற்கெனவே கோட்டை வைத்திருக்கும் எவனோ ஒருவன் விதியை மீறி இதையும் ஆடுகிறானாம். காவலன் அந்த அயோக்கியனைப் பிடிக்க வேண்டுமாம்.

மட்டம் என்று சொன்னதுதான் சுட்டது.

காரணம் எழுதியிருந்தான். இருந்தாலும் செல்லாது என்று பதில் போட்டேன்.

வடக்கு வாசல் சரி. தெற்கில் காவலைக் கூட்டியாயிற்று. தானியம் அள்ளியாயிற்று. ஒப்படைக்க ஆள் இல்லை.