முன்னால் உட்கார்ந்தவர் பெயர்

அன்புப் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். என் இடது தோள் மட்டும் அதில் சேராது, அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் அம்மா நம்புகிறாள். அவள் எதையும் சீக்கிரம் நம்பிவிடுவாள், நான் உன் பதிலைப் பார்த்த பிறகுதான் நம்புவேன்.

விடுமுறை தொடங்கிய அன்று தொலைபேசியில் நீ போட்ட உத்தரவு நினைவிருக்கும். இந்தக் கோடையில் வீட்டில் ஒவ்வொருவரும் இதுவரை செய்தே இராத ஒன்றை, அதுவும் வெயிலும் காற்றும் படுகிற இடத்தில் கற்றுக்கொள்ள வேண்டும், இலக்கு இன்னது என்று இப்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றாய். உன் தம்பி தினமும் காலையில் ஓடப்போவதாகச் சொன்னான். முதல் வாரம் ஓடுவதற்கு ஷூ இல்லை, இரண்டாம் வாரம் புது ஷூ கடித்தது, இப்போது ஷூ வாசலில் ஓய்வெடுக்கிறது, அவன் உள்ளே ஓய்வெடுக்கிறான். அம்மா சைக்கிள் என்றாள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா பின்னால் பிடித்துக்கொண்டே ஓட, மைதானத்தில் பழகினாள். முழங்கையில் என்ன காயம் என்று கேட்டால், விழலைங்க, இறங்கினேன், கொஞ்சம் வேகமா இறங்கிட்டேன் என்கிறாள். இப்போது கடைக்கு சைக்கிளில்தான் போகிறாள், ஒரே தடவையில் வாங்க வேண்டியதை மூன்று தடவையாகப் பிரித்து வாங்குகிறாள். சந்தோஷமாக இருக்கிறாள், அதைக் குறை சொல்ல எனக்கே வாய் வரவில்லை. ஆனால் எங்களுக்கெல்லாம் இலக்கு வைத்த நீ, உன் மலைநடைக் குழுவை இரண்டாம் நடையோடு விட்டுவிட்டாயாமே. உன் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கிற பெண் நீ சொன்ன யோசனையைக் கூட்டத்தில் தன்னுடையது மாதிரி சொல்லிவிட்டாளாம், அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாளாம், அவ வர்ற மலைக்கு நான் வர மாட்டேன் என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். மாத முடிவில் உச்சிவரை ஏறுகிற பெரிய நடைக்கும் போகப் போவதில்லையாம். அம்மா என்னிடம் சொல்லிவிட்டு, அப்படியே உங்களை உரிச்சு வெச்சிருக்கா என்றாள். அதை அவள் பாராட்டாகச் சொல்லவில்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான், ஆனால் என் வழக்கப்படி சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

நான் துடுப்புப் படகு என்று சொல்லியிருந்தேன், கோடை முடிவதற்குள் ஏரியை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கடப்பது என் இலக்கு. பக்கத்துத் தெருவுக்குப் போக வண்டி கேக்கற மனுஷன் ஏரியைக் கடக்கப் போறாராம் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டதால் பின்வாங்க வழியில்லை. படகுத்துறையில் பயிற்சி கொடுப்பது உன் வயதுப் பெண் ஒருத்தி. புதியவர்களைத் தனியாக விடமாட்டாளாம், இருவர் படகில்தான் ஏற்றுவாளாம். எல்லோரையும் எடை பார்த்து ஜோடி சேர்த்தாள். கனமானவர் பின்னால் உட்கார வேண்டும், லேசானவர் முன்னால். என்னை நிறுத்திவைத்து, உங்களுக்குப் பின்னாடி சரியான ஆள் இவர்தான் என்று ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். திரும்பிப் பார்த்தால், கையெழுத்து.

நம் வீட்டில் கையெழுத்து என்று யாரைச் சொல்வோம் என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால் எனக்கு ஒரு திருப்தி. கல்லூரியில் என் துறைத் தலைவர். நான் இரண்டு கோடை விடுமுறைகளைத் தொலைத்து எழுதிய ஆய்வுக்கூடப் பாடநூலை, நீங்க எழுதுங்க சார், அச்சடிக்கறதை நான் பாத்துக்கறேன் என்று வாங்கிக்கொண்டு போய், அட்டையில் தன் பெயரை மேலேயும் என் பெயரை அதற்குக் கீழே பொடி எழுத்திலும் போட்டுக்கொண்டு வந்தவர். என் எழுத்தின் மேல் தன் கையெழுத்தைப் போட்டதால்தான் அந்தப் பட்டப்பெயர். அந்தப் புத்தகத்தைக் காட்டித்தான் தலைவரும் ஆனார். அன்றிலிருந்து அலுவல் விஷயம் தவிர ஒரு வார்த்தை அவரோடு பேசியதில்லை. அவர் அறைக்கு நான் போவதில்லை, என் அறைக்கு அவர் வருவதில்லை, நடுவில் ஒரு உதவியாளர் நடந்து நடந்து இளைத்துப் போனார். அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் எங்கே தெரியும். ரெண்டு பேரும் ஒரே காலேஜா, அப்ப பேச்சுத்துணைக்குப் பஞ்சமே இல்ல என்றாள். அவர் விலகிப் போகட்டும் என்று நான் நின்றேன், நான் போகட்டும் என்று அவர் நின்றார். இருவரும் போகவில்லை. அப்படித்தான் ஒரே படகில் ஏறினோம்.

முதல் இரண்டு வாரம் கரைக்குப் பக்கத்திலேயே வட்டமடித்தோம். படகு இடப்பக்கம் சாய்ந்து திரும்பினால் நானும் சரிசெய்வேன், அவரும் சரிசெய்வார், இரண்டு சரியும் சேர்ந்து வலப்பக்கம் கொண்டுபோய்விடும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் தீர்ந்துவிடும், ஆனால் பேசுவதில்லை என்பது கொள்கை. கரையில் நீச்சல் பழகுகிற பிள்ளைகள் நாங்கள் வந்தாலே, மாமா பம்பரம் விடறாங்க என்று கைதட்டினார்கள். கடைசியில் பயிற்சிக்காரப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள். சார், ரெண்டு பேரும் ஓட்டாதீங்க, முன்னாடி இருக்கறவர் வேகம் வைங்க, பின்னாடி இருக்கறவர் அந்த வேகத்துக்குத் துடுப்பு போட்டுக்கிட்டே திசையைப் பாருங்க, முன்னாடி இருக்கறவர் திசையைத் தொடவே கூடாது என்றாள். அதாவது என் தாளத்துக்கு அவர் வர வேண்டும். மறைக்காமல் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்கு அந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துப் போயிற்று. வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகப் போட்டேன். பின்னால் அவர் புஸ்ஸு புஸ்ஸென்று மூச்சு வாங்குகிற சத்தம், அதைவிட இனிமையான சங்கீதம் சமீபத்தில் நான் கேட்டதில்லை. வேகத்தைக் குறைக்கச் சொல்லி அவரும் கேட்கவில்லை. என் தோள் போனது அப்படித்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கடந்தோம். பாதித் தூரம் நன்றாகத்தான் போயிற்று. நடு ஏரியில் பக்கவாட்டுக் காற்று பிடித்துக்கொண்டது. முன்பகுதி கோரைப் புதர் பக்கம் திரும்பப் பார்த்தது, அங்கே சிக்கினால் கயிறு கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும், கரையில் உன் அம்மா சைக்கிளோடு நிற்கிறாள். என் கை தானாகத் திசையைத் திருப்பப் போயிற்று. அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது. நீங்க இழுங்க சார், திருப்பறதை நான் பாத்துக்கறேன். பாப்பா, அதே வாக்கியம், அதே குரல். எனக்கு உடம்பு எரிந்தது. பாத்துக்கிட்ட லட்சணம் தெரியாதா என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் கேட்கத் திரும்பினால் துடுப்பு நிற்கும், நின்றால் புதருக்குள்தான். அவரை நம்பினேன் என்று சொல்லமாட்டேன். அந்தக் கரைக்குப் போக வேண்டும் என்கிற ஆசை அவர் மேலிருந்த கோபத்தைவிட அந்த நிமிஷம் ஒரு விரற்கடை உயரமாக இருந்தது, அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். படகு மெல்லத் திரும்பி நேரானது. என் முதுகுக்குப் பின்னால் அவர் என்ன செய்தார் என்று நான் பார்க்கவில்லை, செய்தார்.

அந்தக் கரையில் ஒரு மரப்பலகை இருக்கிறது, கடந்தவர்கள் பெயரைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவைப்பார்கள். யார் பெயரை முதலில் எழுதுவது என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. முன்னால் உட்கார்ந்தவர் பெயர்தான் மேலே என்பது அவர்கள் வழக்கமாம். தன் படகில் கூடவே வந்திருந்த பயிற்சிக்காரப் பெண் பாட்டுக்கு என் பெயரை எழுதி, அதற்குக் கீழே அவர் பெயரை எழுதினாள், இடம் போதாமல் கொஞ்சம் பொடி எழுத்தாகவே விழுந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு, சரியாத்தான் இருக்கு என்றார். எதைச் சொன்னார் என்று அவரும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது வேகத்தை நான் கொஞ்சம் குறைத்தேன், தோள் வலி காரணம் என்று வைத்துக்கொள். மறுநாள் விடைத்தாள் வேலைக்காகக் கல்லூரிக்குப் போனபோது வழக்கம்போல உதவியாளர்தான் நடந்தார். நான் எதையும் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை, அந்தப் புத்தகத்தின் அட்டை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. ஆனால் நேற்றும் படகுக்குப் போனேன், அவரும் வந்தார். இப்போதெல்லாம் படுத்தால் உடனே தூக்கம் வருகிறது. பலகையை மழை அழிப்பதற்குள் அந்தக் கரைக்கு நடந்தே போய் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தேன், இதை அம்மாவிடம் சொல்லாதே.

இப்போது உன் விஷயம். உன் பக்கத்து மேசைப் பெண் செய்தது தப்புதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரிய மனசு பண்ணி விட்டுவிடு என்று உன்னிடம் சொல்கிற தகுதியும் எனக்கில்லை. அவளோடு பேச வேண்டாம், சிரிக்க வேண்டாம், சாப்பாட்டைப் பகிர வேண்டாம். ஆனால் அவளுக்கு உன் யோசனை ஒன்று போயிருக்கிறது, மலையையும் சேர்த்து ஏன் கொடுக்கிறாய். கோபத்தை இறக்கிவைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை, தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் அதையும் பையில் போட்டுக்கொண்டு ஏறு. முடிந்தால் அவளுக்கு முன்னால் நட. உன் மூச்சு சீராக இருக்கட்டும், அவளுடையது எப்படி இருக்கிறது என்று காதுகொடுத்துக் கேள், அதில் ஒரு சுகம் உண்டு.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, ஏறுவதற்கு முதல் நாளே ஷூவைப் போட்டுப் பழகிக்கொள், உன் தம்பியின் கதி உனக்கு வரவேண்டாம். உச்சியில் நின்று எடுத்த படத்தை அனுப்பு, படத்தில் அவளும் இருந்தால் பரவாயில்லை, ஓரமாக இருக்கட்டும். அம்மாவின் முத்தங்களும் என் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, நீ நினைத்த இடத்துக்கெல்லாம் ஏறி நன்றாக இருப்பாய்.

இப்படிக்கு,
முன்னால் உட்காரும் உன் அப்பா